ட்வைலைட் இம்பீரியம்: மூன்றாம் பதிப்பா, நான்காம் பதிப்பா?

2005இல் மூன்றாம் பதிப்பு, 2017இல் நான்காம் பதிப்பு. நடுவில் 12 வருஷக் காத்திருப்பு. இந்த விண்வெளிப் போர் பலகை விளையாட்டின் ரசிகர்கள் பழைய பெட்டியை வைத்துக்கொள்வதா, புதியதை வாங்குவதா என்று தவித்ததில் நியாயம் உண்டு.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது வணிகம். நான்காம் பதிப்பில் உங்கள் சரக்கு உங்களிடம் இருக்கும்வரை செல்லாக்காசு. அடுத்தவரிடம் கொடுத்தால்தான் அது அவர் கையில் பணமாகிறது. அதனால் எதிரியோடும் பேசியே ஆக வேண்டும். "ரெண்டு தர்றேன், இந்தச் சுற்று என் எல்லைப் பக்கம் வராதே" என்று மேசை முழுக்கப் பேரம் நடக்கும். இந்த ஒரு மாற்றத்துக்காகவே புதியதை வாங்கலாம்.

பழையதில், சுற்றுதோறும் தேர்ந்தெடுக்கும் வியூக அட்டைகளில் ஒன்றான 'இம்பீரியல்' அட்டையை எடுத்தாலே 2 வெற்றிப் புள்ளி. சண்டை போடுவதைவிட அந்த அட்டைக்கு முறை வருவதுதான் முக்கியமாகிவிடும். புதியதில் அந்த அட்டையால் புள்ளி கிடைக்க இலக்கை முடித்திருக்க வேண்டும், அல்லது வரைபடத்தின் நடுவில் உள்ள மெகடோல் ரெக்ஸ் கோளைப் பிடித்திருக்க வேண்டும்.

புதிய தொழில்நுட்பம் பெறுவதும் இப்போது எளிது, ஏற்கெனவே உங்களிடம் உள்ள தொழில்நுட்பங்களின் நிறம் பார்த்தால் போதும். அடிப்படைப் பெட்டியிலேயே 17 இனங்கள். பழையதில் 10தான், மிச்சத்துக்கு விரிவாக்கங்கள் வாங்க வேண்டும்.

அப்புறம், பழையதில் படையோடு போகும் தளபதி, விஞ்ஞானி, தூதர் வில்லைகள் இருந்தன. நான்காம் பதிப்பின் அடிப்படைப் பெட்டியில் அவை இல்லாதது எனக்கு நிஜமாகவே வருத்தம்.