டிரிக்கரில் விரலே வைக்கவில்லை, ஹேமர் விழுந்தது

மிச்சிகனில் துப்பாக்கியுடன் மான் வேட்டைக்குப் போகும் சீசன் வருஷா வருஷம் நவம்பர் 15ஆம் தேதிதான் தொடங்கும், எந்தக் கிழமையாக இருந்தாலும் சரி. தீபாவளிக்கு முந்தைய வாரம் நம் ஊர் டெய்லர் கடை எப்படி இருக்குமோ, அப்படித்தான் அதற்கு முந்தைய ஒரு மாதம் இங்கே துப்பாக்கி ரிப்பேர் செய்பவர்களின் பட்டறையும். லைசென்ஸ் உள்ள கடைக்காரர் ஜனவரிக்குத்தான் முடியும் என்றார். பொறுத்திருக்கலாம். பொறுக்காமல், வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு வேலை செய்யும் ஒருவரிடம் போன அக்டோபரில் என் ரைபிளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிரிக்கரை லேசாக்கித் தருவதாகச் சொன்னார். ஆக்கியும் கொடுத்தார், டிரிக்கரைத் தொடாமலே ஹேமர் (அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் பாகம்) விழும் அளவுக்கு.

ரைபிள் ஒரு மார்லின் 336சிஎஸ், .30-30 தோட்டா. அலுவலக நண்பரின் மாமனாரிடம் வாங்கியது. 1973க்குப் பிந்தைய மார்லின்களில் சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை 100இலிருந்து கழித்தால் தயாரித்த வருஷம் கிடைக்கும். என்னுடையது 07இல் தொடங்குகிறது, ஆக 1993. பேரலில் ஜேஎம் முத்திரை இருக்கிறது. ரெமிங்டன் கம்பெனி வாங்கி உற்பத்தியை வேறு இடத்துக்கு மாற்றுவதற்கு முன், கனெடிகட்டின் நார்த் ஹேவன் தொழிற்சாலையில் செய்தது என்று அதற்கு அர்த்தம். அந்த முத்திரைக்கென்றே கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கிறார்கள். (நானும் கொடுத்தேன்.)

குறை ஒன்றே ஒன்று, டிரிக்கர். அளந்து பார்த்தால் ஆறரைப் பவுண்டு, கிட்டத்தட்ட மூன்று கிலோ. துப்பாக்கியின் மொத்த எடையே ஏழு பவுண்டுதான். தன் எடைக்கு இழுத்தால்தான் சுடுவேன் என்று அடம்பிடிக்கும் துப்பாக்கியை நூறு கஜத்தில் ஆடாமல் பிடிப்பது எப்படி? போதாததற்கு அந்தக் காலத்து மார்லின்களில் டிரிக்கர் ஒரு துண்டு, ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியர் வேறொரு துண்டு. இரண்டும் ஒரே பின்னில் மாட்டியிருக்கும். அதனால் டிரிக்கர் விழப்போகும் பால்பல் மாதிரி முன்னும் பின்னும் லொடலொடவென்று ஆடும். ஆபத்து இல்லை, எரிச்சல். இரண்டையும் ஒரே துண்டாகச் செய்த மாற்றுப் பாகம் வெளிக் கம்பெனிகளில் கிடைக்கிறது. அதைப் போட்டு, உரசும் பரப்புகளைப் பக்குவமாக மெருகேற்றினால் நாலு பவுண்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். வேட்டைத் துப்பாக்கிக்கு அது போதும். நவம்பர் குளிரில் கையுறை போட்ட மரத்துப்போன விரலுக்கு அதைவிட லேசாக இருக்கவும் கூடாது.

"விரல் வலிக்குதுன்னா இந்த வருஷம் போகாம இருங்களேன்" என்றாள் என் மனைவி. கேட்டிருக்கலாம்.

ஷெட்காரர் பேச்சில் கெட்டிக்காரர். புதுப் பாகத்துக்கு 110 டாலர், கூலி 160, மொத்தம் 270 ரொக்கமாக முன்பணம், ஒரு வாரம் என்றார். என் பெயரை மாஸ்கிங் டேப்பில் எழுதி ரைபிளின் கட்டையில் ஒட்டினார். அவ்வளவுதான் பதிவு. அமெரிக்காவில் துப்பாக்கி ரிப்பேரைத் தொழிலாகச் செய்பவருக்கு மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். ஒரு ராத்திரி அவரிடம் துப்பாக்கி தங்கினால்கூட அதன் சீரியல் எண்ணையும் கொடுத்தவர் விவரத்தையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. வேலையில் நான் கார் உதிரிபாகங்களின் தரம் பார்ப்பவன். ஒரு போல்ட்டுக்கு சர்ட்டிபிகேட் இல்லையென்றால் லாரியையே திருப்பி அனுப்புகிறவன். அந்தப் புத்தி சனிக்கிழமை வேலை செய்யவில்லை.

ஒரு வாரம் மூன்றரை வாரம் ஆனது. நவம்பர் 8ஆம் தேதி போய் வாங்கினேன். அங்கேயே காலித் துப்பாக்கியில் டிரிக்கரை இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய்! வீட்டுக்கு வந்து டிஜிட்டல் அளவுகோலில் மாட்டினால் இரண்டரைப் பவுண்டு. நாலுதானே கேட்டோம் என்று ஒரு கணம் உறுத்தியது. விரலுக்கு அது அவ்வளவு சுகமாக இருந்ததால் உறுத்தலை ஓரமாக வைத்துவிட்டேன். டிரிக்கர் இன்னும் லொடலொடத்தது. ஒரே துண்டுப் பாகம் போட்டிருந்தால் அந்த ஆட்டம் இருக்கவே கூடாது. போன் செய்து கேட்டதற்கு, பழைய மார்லின் என்றால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்றார். கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்றதற்கு, குப்பையில் போட்டாயிற்று என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மறுநாள் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனேன். இருபது தோட்டாவில் நாலு வெடிக்கவில்லை. ஹேமர் விழும் சத்தம் மட்டும் கேட்கும். பேரலை இலக்கை நோக்கியே பிடித்து முப்பது வினாடி காத்திருந்து, பிறகு லீவரை (தோட்டாவை ஏற்றி இறக்க டிரிக்கருக்குக் கீழே இருக்கும் கைப்பிடி) திறந்து எடுத்துப் பார்த்தால், தோட்டாவின் அடியில் ஹேமர் அடியில் தீப்பற்ற வேண்டிய பிரைமரில் நகத்தால் கீறியது போல ஒரு சின்னக் குழி. மறுபடி போன். தோட்டா சரியில்லை, வேறு பிராண்டு வாங்குங்கள் என்றார். வாங்கினேன். அதிலும் இருபதுக்கு மூன்று.

பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். காலி செய்துவிட்டு, ஹேமரை முழுசாகப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, டிரிக்கரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரை முன்பக்கமாக அழுத்திப் பார் என்றார். நல்ல துப்பாக்கியில் எவ்வளவு அழுத்தினாலும் அசையக் கூடாது. நான் பாதி பலம்கூடப் போடவில்லை. 'டக்' என்று விழுந்து பாதி வழியில் இருக்கும் ஹாஃப் காக் வெட்டில் மாட்டி நின்றது. அடுத்து லீவரை வேகமாக மூடச் சொன்னார். மூன்றாவது தடவை ஹேமர் தானாகவே நழுவியது. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அதே துப்பாக்கியில் தோட்டா போட்டு அதே லீவரை அடித்து மூடிக்கொண்டிருந்தேன்.

336சிஎஸ்ஸில் ஹேமரை மறிக்கும் குறுக்கு பட்டன் சேஃப்டி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. மான் எதிரில் வந்தால் முதலில் தள்ளிவிடுவது அதைத்தான்.

ஜனவரி என்று சொன்ன லைசென்ஸ் கடைக்காரரிடமே போய் நின்றேன். ஆபத்தான துப்பாக்கி என்றதும் வரிசையை மீறி வாங்கிக்கொண்டார். பிரித்து மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகக் காட்டினார். புதுப் பாகம் எதுவும் இல்லை. டிரிக்கரும் சியரும் 1993இல் போட்ட அதே இரண்டு துண்டுகள். 110 டாலர் அப்படியே ஷெட்காரர் பைக்குப் போயிருக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. டிரிக்கர் கனமாக இருக்க முக்கியமான காரணங்கள் இரண்டு. ஹேமரும் சியரும் உரசும் பரப்பின் சொரசொரப்பும் கோணமும் ஒன்று. ஹேமரைத் தள்ளும் மெயின் ஸ்பிரிங் அந்தப் பரப்புகளை எவ்வளவு பலமாக ஒன்றோடொன்று அழுத்துகிறது என்பது இன்னொன்று. முதலாவதைச் சரிசெய்யக் கைத்திறமையும் பொறுமையும் வேண்டும். இரண்டாவதைக் குறைக்க ஒரு கட்டிங் பிளேயர் போதும். என் ஸ்பிரிங்கில் மூன்று சுற்று வெட்டப்பட்டிருந்தது. டிரிக்கர் லேசானது அதனால். ஹேமரின் அடியில் வலு போய் பிரைமர் வெடிக்காததும் அதனால்தான்.

சியர் மாட்டி நிற்கும் ஹேமரின் வெட்டையும் ஷெட்காரர் விடவில்லை. அந்தப் பாகத்தின் மேல்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட இரும்பு, உள்ளே மெதுவானது. நல்ல கைகாரர் நுண்ணிய கல்லில் மெருகு மட்டும் ஏற்றுவார், கோணத்தை மாற்ற மாட்டார். இவர் கடினத் தோலைத் தாண்டித் தேய்த்து, கோணத்தையும் வெளிப்பக்கம் சாய்த்திருக்கிறார். மெதுவான இரும்பு ஒவ்வொரு தடவை சுடும்போதும் தேயும். நான் வாங்கிய அன்று இரண்டரைப் பவுண்டு காட்டிய டிரிக்கர், நாற்பது தோட்டாவுக்குப் பிறகு இந்தக் கடையில் ஒன்றே முக்கால் காட்டியது. இன்னும் ஒரு பெட்டி சுட்டிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

பழுதுபார்க்கவும் சுலபமில்லை. மார்லின் பெயர் 2020இல் ரூகர் கம்பெனிக்குப் போய்விட்டது. தாங்கள் தயாரிக்காத பழைய மார்லின்களுக்கு அவர்கள் பாகம் தருவதில்லை. பழைய உதிரிபாகக் கடையிலிருந்து ஹேமர், சியர், ஸ்பிரிங் வரவழைத்துப் பொருத்தியதில் கூலியோடு இன்னொரு 230 டாலர். இப்போது நாலே கால் பவுண்டு. எத்தனை அழுத்தினாலும் ஹேமர் அசையவில்லை. கையில் வந்தபோது நவம்பர் 27. மிச்சமிருந்த மூன்று நாளில் ஒரு நாள் போனேன், மழை.

ஷெட்காரரிடம் பணத்தைக் கேட்டேன். முதலில் சிரித்தார், அடுத்து வேறு யாரோ கைவைத்த பிறகு தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார், அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார். இந்த மாநிலத்தில் 7,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு போடலாம். என்னிடம் ரசீது இல்லை. கொடுத்தது ரொக்கம். கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் வங்கியிலாவது முறையிட்டிருக்கலாம்.

இங்கே தமிழர்களில் வேட்டைக்குப் போகிறவர்கள் சிலர்தான், அதிலும் லீவர் ஆக்‌ஷன் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இருந்தாலும் சொல்கிறேன். வெளியில் டிரிக்கர் வேலை செய்து வாங்கிய துப்பாக்கி வீட்டில் இருந்தால், அல்லது யாரோ ஏற்கெனவே டிரிக்கர் வேலை செய்திருக்கிறார்கள் என்று சொல்லி உங்களிடம் விற்ற பழைய துப்பாக்கி இருந்தால், இன்றைக்கே தோட்டாக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சேம்பரையும் (சுடத் தயாரான தோட்டா இருக்கும் இடம்) மற்றத் தோட்டாக்கள் இருக்கும் மேகசின் குழாயையும் கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பாருங்கள். பேரலை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்து அந்தப் பெரியவர் சொன்னபடி ஹேமரை அழுத்துங்கள். விழுந்தால் அதில் இனி தோட்டா போடாதீர்கள், லைசென்ஸ் உள்ளவரிடம் கொண்டுபோங்கள். வேலைக்குக் கொடுக்கும்போதே கழற்றிய பாகங்கள் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வாங்கும்போது எத்தனை பவுண்டு என்று அவர் கண் முன்னால் அளந்து பாருங்கள்.

என் பழைய ஹேமரும் வெட்டுப்பட்ட ஸ்பிரிங்கும் ஒரு டப்பாவில் இருக்கின்றன. தேய்ந்த வெட்டு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டியவர்கள் கேளுங்கள், நல்ல ஸ்பிரிங் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன்.