முதுகுப் பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு வாஷ், இரண்டு பாட்டில் முடித்த பிறகு எழுதுகிறேன்

நான் வாங்கிய முதல் பாட்டில் முழுக்க வீண். மருந்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான்தான் அதை சோப்பு மாதிரி தேய்த்து உடனே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் ஆகியும் சட்டை உரசினாலே வலிக்கிற அந்தப் பருக்கள் அப்படியே இருந்தன. கடைசியில் தோல் மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "போட்டு எத்தனை நிமிஷம் விடுறீங்க?" என்பதுதான். பாட்டிலில் இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

இரண்டாவது பாட்டிலிலிருந்து முறையை மாற்றினேன். ஷாம்பூ, கண்டிஷனர் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுவேன், ஏனென்றால் கண்டிஷனர் வழிந்து முதுகில் தங்கினால் மயிர்க்கால்கள் அடைத்துக்கொள்ளும். அப்புறம் வாஷை முதுகு முழுக்கத் தடவி, குழாயை மூடிவிட்டு மூன்று நான்கு நிமிடம் சும்மா நிற்பேன், பிறகு நன்றாகக் கழுவுவேன். அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றாவது வாரத்தில் புதிதாகச் சீழ் கோத்து வருவது குறைந்தது, பத்தாவது வாரத்தில் தோள்பட்டைக்குக் கீழே தடவிப் பார்த்தால் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

காரணம் இதுதான். பருவில் பங்கு வகிக்கும் பாக்டீரியா, எண்ணெய் அடைத்த மயிர்க்காலுக்குள் காற்றுப் புகாத இடத்தில் வளர்வது. பென்சாயில் பெராக்சைடு அங்கே ஆக்சிஜனை வெளியிடுகிறது, பாக்டீரியா செத்துவிடுகிறது. ஆன்டிபயாட்டிக்கை மட்டும் நாள் கணக்கில் தடவினால் கிருமி அதற்குப் பழகிவிடும். இதற்கு அப்படிப் பழகுவதில்லை, அதனால்தான் இத்தனை வருடமாக மருத்துவர்கள் இதை விடாமல் எழுதித் தருகிறார்கள். ஆனால் வேலை செய்ய அதற்கு நேரம் வேண்டும், முதுகுத் தோல் முகத்தோலை விடத் தடிப்பு வேறு.

எத்தனை சதவீத மருந்து உள்ளதை வாங்குவது என்று கேட்பீர்கள். வாஷாகக் கிடைப்பதில் 4 சதவீதம், 10 சதவீதம் இரண்டும் பரவலாக உண்டு. நான் 10-ல் ஆரம்பித்து, ஒரே வாரத்தில் தோள் இரண்டும் காய்ந்து செதில் செதிலாக உரிய, 4-க்கு இறங்கினேன். பலனில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள், எரிச்சல் இல்லையென்றால் தினமும் போடலாம்.

அடுத்து, துண்டு. யாரும் சொல்லாததால் ஒரு நீலத் துண்டும் இரண்டு டி-ஷர்ட்டும் போயின. சாயத்தை அப்படியே வெளுத்துவிடுகிறது, நீலத்தில் செம்மஞ்சள் திட்டுகள், எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. வெள்ளைத் துண்டு, வெள்ளைப் படுக்கை விரிப்பு, வேறு வழியே இல்லை. இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவே கை எட்டாத இடத்துக்கு நீளக் கைப்பிடி வைத்த மெத்தென்ற பஞ்சு வைத்திருக்கிறேன். சொரசொரப்பான பிரஷ் வேண்டாம், அழுத்தித் தேய்த்தால் வீக்கம்தான் கூடும். முதுகுப்பையின் பட்டை உரசும் இடத்திலும் வியர்வையோடு ஒட்டிய துணிக்கு அடியிலும் பரு கிளம்புவது அந்த உரசலால்தான், வாஷ் மட்டும் போட்டு அதைச் சமாளிக்க முடியாது. ஓடிவிட்டு வந்தால் உடனே குளித்துவிடுங்கள்.

இன்னொன்று, பாட்டிலை வெயில் படும் ஜன்னலிலோ காரிலோ வைக்காதீர்கள். சூட்டில் இந்த மருந்து சிதைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் உருவாகலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்து உள்ள 95 பொருட்களைச் சோதித்து, சிலவற்றை நிறுவனங்களே திரும்பப் பெறுவதாக 2025 மார்ச்சில் அறிவித்தது. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிக மிகக் குறைவு. அதனால் பயந்து நிறுத்த வேண்டியதில்லை, குளிர்ந்த இடத்தில் வையுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள்.

இதை வாங்கவே கூடாதவர்களும் உண்டு. முதுகில் ஒரே அளவில் சின்னச் சின்னப் பொரிகளாக வந்து அரித்தால் அது பருவாக இல்லாமல் ஈஸ்ட் வகைப் பூஞ்சையால் வந்ததாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சைக்கான மருந்துதான், கீட்டோகொனசோல் மாதிரி. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் இன்னும் மோசமாகும். ஆழமாகக் கட்டி கட்டியாக வந்து தழும்பு விழுகிறவர்கள் கடையில் வாங்கி மாதக்கணக்கில் காத்திருக்காமல் நேராகத் தோல் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை தேவைப்படும் நிலை அது, தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் தழும்பாகத் தங்கிவிடும். இதை ரொம்ப அக்கறையோடு சொல்கிறேன்.

கறுப்புத் தடங்களுக்கு இந்த வாஷ் ஒன்றும் செய்யாது. நம் நிறத் தோலில் பரு ஆறிய இடம் பல மாதம் கறுத்தே இருக்கும். இப்போது இரவில் அடாபலீன் (வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த பரு மருந்து) 0.1 சதவீத ஜெல் மெல்லிசாகத் தடவுகிறேன், மேல் முதுகில் இருந்தவை மங்க ஆரம்பித்திருக்கின்றன, இடுப்புப் பக்கம் இருப்பவை இன்னும் அப்படியே. வாஷை நிறுத்தவில்லை, வாரம் மூன்று நாள் போதுமானதாக இருக்கிறது.