நடையோடு ஜூம்பா சேர்ந்த பதினொரு மாதம்

மலையில் இருக்கிறவர்களுக்கு எதற்கு உடற்பயிற்சி வகுப்பு என்று கேட்கிற ஆட்களில் நானும் ஒருத்தி. இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் டவுனில் எங்கே போனாலும் ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். அது போதாதென்று ஐந்து வருடமாகக் காலையில் டிக்கோயா பாதையில் 40 நிமிட நடை வேறு. ஆனால் போன வருடம் ஒரு விஷயம் உறைத்தது. ஆரம்பத்தில் அந்த ஏற்றத்தில் வாயே திறக்க முடியாது, இப்போது போனில் தங்கச்சியோடு ஊர்க்கதை முழுக்கப் பேசிக்கொண்டே ஏறுகிறேன். அப்படிப் பேச முடிகிறதென்றால் உடம்புக்கு அது பழகிப்போன வேலை. கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் எடையும் அப்படியே நிற்கிறது, நாள் முழுக்கக் கதிரையில் இருந்து பிடித்துக்கொண்ட இடுப்பும் அப்படியே.

அப்போதுதான் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் பெண்களுக்கு ஜூம்பா வகுப்பு (பாட்டுக்கு ஆடிக்கொண்டே செய்கிற உடற்பயிற்சி) தொடங்கினார்கள். செவ்வாய், வியாழன், மாலை 5.30க்கு, ஒரு மணித்தியாலம், மாதம் 3,500 ரூபா. ஜூன் மாதம், கொட்டுகிற மழையில் போய்ச் சேர்ந்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். அவருடைய தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம். "காசு குடுத்து குதிக்கப் போறியா? மலைக்கு வா, காசும் குடுத்து வேலையும் குடுப்பான்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

முதல் வகுப்பு பெரிய அவமானம். வகுப்பு நடத்துகிற மிஸ் சிங்களத்தில் "எக்கய், தெக்கய்" (ஒன்று, இரண்டு) என்று எண்ணுகிறார், பாட்டு ஸ்பானிஷ், பக்கத்தில் நின்ற அக்கா தமிழில் "வலது பக்கம், வலது பக்கம்" என்று கத்துகிறார், நான் மட்டும் இடது பக்கம் போய் யாரோ ஒருவரின் காலை மிதிக்கிறேன். நடையில் ராணி என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு இருபது நிமிடத்தில் நாக்கு வெளியே வந்துவிட்டது. அடுத்த நாள் லேசான பிடிப்புதான், அதற்கு அடுத்த நாள்தான் பஸ் படியில் கால் வைக்க முடியவில்லை. வலித்த இடத்தைக் கேளுங்கள்: உள்தொடையும் இடுப்பின் பக்கவாட்டும். யோசித்துப் பார்த்தால் சரிதான், ஏற்றமோ இறக்கமோ, நடை என்பது முன்னோக்கித்தானே. ஐந்து வருடமாக நான் பக்கவாட்டில் ஓரடி வேகமாக எடுத்து வைத்ததே இல்லை.

இரண்டாவது மாதம் வலது முழங்கால் வலிக்கத் தொடங்கியது. பாதியில் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். குற்றம் சப்பாத்தில் இருந்தது. மழைப் பாதையில் வழுக்காமல் இருக்க வாங்கிய, அடியில் நல்ல ஆழமான வெட்டுள்ள சப்பாத்தைத்தான் வகுப்புக்கும் போட்டுக்கொண்டு போனேன். அது தரையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். அடி தட்டையான ஒன்றை வாங்கிய பிறகு மூன்று கிழமையில் வலி போய்விட்டது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும். வகுப்பில் எனக்குள்ள பெரிய குறையும் இதுதான்: மிஸ் முன்னால் நின்று அழகாக ஆடுவார், பின்வரிசையில் யார் எப்படிக் காலை வைக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை. டைல் தரை வேறு, எல்லாரும் நனைந்து வந்து ஏறினால் கண்ணாடி மாதிரி வழுக்கும். நான் ஒரு பழைய துவாய் கொண்டுபோய் என் இடத்தை மட்டும் துடைத்துக்கொள்கிறேன். மழைக்கு வகுப்பை நிறுத்தினால் அந்தக் காசு அடுத்த மாதத்துக்குக் கழியாது, அது எனக்கு இன்னும் கோபம்.

ஒருநாள் மிஸ் பென் டிரைவை மறந்துவிட்டு வந்து, போனில் இருந்த பைலாவை, நம்ம ஊர் ஆட்டப்பாட்டை, போட்டுச் சமாளித்தார். பதினொரு மாதத்தில் மிகச் சிறந்த வகுப்பு அதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், நாற்பது தாண்டிய பெண்கள் எல்லாரும் கலியாண வீடு மாதிரி ஆடினோம். ஜூம்பா பிறந்த கதையும் இதேதான் என்று பிறகு தெரிந்தது. 1990களில் காலியில் (நம்ம காலி இல்லை, கொலம்பியாவில் உள்ள காலி) அல்பெர்டோ பெரெஸ் என்பவர் ஏரோபிக்ஸ் வகுப்புக்குரிய கசெட்டை மறந்துவிட்டுப் போய், கையில் இருந்த சல்சா, மெரெங்கே பாட்டுகளைப் போட்டு ஆட வைத்தாராம்.

பலன் என்ன என்று கேட்டால், எடை இரண்டு கிலோதான் குறைந்தது, அதுவும் இரவில் பாணை விட்டதாலா ஆட்டத்தாலா தெரியாது. கை வாட்ச் இதயத்துடிப்பை நடையில் நிமிடத்துக்கு 115 என்று காட்டும், வகுப்பில் 150ஐத் தொடும். என் 41 வயதுக்கு உச்சம் சுமார் 179 என்று வைத்தால் அது நல்ல வேலைதான். பாட்டு மெதுவாகும்போது இறங்கி மறுபடி ஏறும், நடையில் அந்த ஏற்ற இறக்கம் கிடைக்காது. ஆனால் கைக்கும் முதுகுக்கும் பலம் வேண்டுமென்றால் ஜூம்பாவை நம்ப வேண்டாம். நான் நவம்பரிலிருந்து வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் ஸ்குவாட்டும் (முழங்காலை மடக்கி இருந்து எழும்புவது), அரிசிப் பையைத் தூக்குவதும் சேர்த்துக்கொண்டேன். நடையை மூன்று நாளாகக் குறைத்தேன், விடவில்லை.

எனக்குக் கிடைத்த உண்மையான பரீட்சை சிவனொளிபாதமலை. வகுப்பில் சேருவதற்கு முந்திய பெப்ரவரியிலும் நல்லதண்ணிப் பக்கமாக ஏறினேன், இந்தப் பெப்ரவரியிலும் ஏறினேன். ஐயாயிரத்துக்கு மேல் படி. ஏறுவதில் பெரிய வித்தியாசம் இல்லை, எனக்கு நடைப் பழக்கம் முன்பே இருந்ததே. இறங்கும்போதுதான் தெரிந்தது. முந்திய தடவை பாதியிலேயே தொடை நடுங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழவி மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினேன். இந்தத் தடவை கம்பியைத் தொட்டது குளிருக்கு ஒரு கையுறையைச் சரிசெய்யத்தான். ஜூம்பாவா ஸ்குவாட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன்.

அம்மா போன மாதம் ஒருநாள் வகுப்பைப் பார்க்க வந்தார். ஓரத்தில் கதிரை போட்டு இருந்தவர், கடைசிப் பாட்டுக்குக் காலால் தாளம் போட்டார். வெளியே வந்ததும், "அந்த மிஸ்ஸுக்கு நல்ல மூச்சு, கொழுந்து எடுக்க வந்தா பேர் போட்டுருவா" என்றார்.

மே மாதக் காசு கட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை மழை விட்டால் வகுப்பு இருக்கும் என்று குரூப்பில் போட்டிருக்கிறார்கள்.