டீச்சர்களுக்கான இடுப்பு மைக்: குரல் நாணில் முடிச்சு வந்தவளின் ரிவியூ

பெல்ட்டோடு இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர் பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், தலையில் மாட்டும் மைக். அவ்வளவுதான் பொருள். ஆன்லைனில் ஆயிரம் ரூபாயை ஒட்டியே கிடைக்கிறது. வகுப்பெடுத்துப் பிழைக்கிற யாரும் வாங்கலாம், ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்து வாங்குங்கள்.

பேசும்போது குரல் நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன, பெண்களுக்கு நொடிக்குச் சுமார் 200 தடவை. ஃபேன் சத்தத்தையும் பக்கத்து வகுப்பு இரைச்சலையும் தாண்டி நாள் முழுக்கக் கத்தினால் அந்த மோதல் பலமாகி, அதிகம் அடிபடுகிற இடத்தில் இரண்டு நாண்களிலும் எதிரெதிரே தடித்துப்போகிறது, மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போகிற மாதிரி. எனக்கு வந்த முடிச்சு இதுதான். இதற்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது, ஸ்பீச் தெரபியும் கத்துவதை நிறுத்துவதும்தான் வைத்தியம். அந்த இரண்டாவது வேலையை இந்தப் பெட்டி நிஜமாகவே செய்கிறது. கடைசி பெஞ்சுக்கும் கேட்கிறது, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு பேசக் குரல் மிச்சமிருக்கிறது.

ஆனால் எல்லாக் கட்டியும் கத்துவதால் வருவதில்லை. ஒரே பக்கத்தில் வரும் பாலிப் என்கிற சதைக்கட்டி, ஒரே ஒரு முறை தொண்டை கிழியக் கத்தியதில் ரத்தக்குழாய் உடைந்தும் வரலாம். வயிற்று அமிலம் மேலேறி வருவதாலும், ஆபரேஷனில் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதாலும் புண் கட்டியாகலாம். சிகரெட்டால் நாண்கள் வீங்கும், எச்.பி.வி. வைரஸால் மரு மாதிரி வளரும். குரல்வளைப் புற்றுநோயும் பல நேரம் வெறும் கரகரப்பாகத்தான் ஆரம்பிக்கிறது. அதனால் மூன்று வாரம் தாண்டியும் தொண்டைக்கட்டு விடவில்லையென்றால் முதலில் இ.என்.டி. டாக்டரிடம் போய், தொண்டைக்குள் சின்ன கேமரா விட்டுப் பார்க்கிற ஸ்கோப் டெஸ்ட் எடுங்கள், மைக் அப்புறம். தயவுசெய்து பனங்கற்கண்டு, மிளகு என்று மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

சரி, பொருளுக்கு வருவோம். மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் ‘ப’ சொல்லும்போதெல்லாம் டப் டப்பென்று அடிக்கும், உதட்டோரமாகத் தள்ளி வையுங்கள். நோட்டுத் திருத்தக் குனியும்போது மைக் பெட்டிக்குக் கிட்டே வந்து ‘கீ’ என்று கத்தும், முதல் வாரம் பிள்ளைகள் இதற்காகவே காத்திருந்தார்கள், பெட்டியை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டதும் நின்றது. பேக்கிங் அட்டையில் போட்டிருக்கிற அளவுக்குச் சார்ஜ் நிற்காது, மதிய இடைவேளையில் கொஞ்சம் ஏற்றினால்தான் கடைசி பீரியட் வரை வரும். மைக்கைப் போட்டுக்கொண்டும் சிலர் பழக்கத்தில் கத்துகிறார்கள், அப்படியென்றால் வாங்கியே பயனில்லை, எதிரே உட்கார்ந்தவரிடம் பேசுகிற குரல் போதும். அதற்காகக் கிசுகிசுக்கவும் வேண்டாம், அதுவும் நாண்களை இறுக்கும்.

பெரிய குறை ஒயர். பெட்டியில் செருகுகிற பின்னுக்குக் கிட்டே சீக்கிரம் விட்டுப்போகிறது. மைக்கைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள், ஒயர் போனால் மைக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.