இலங்கையா, மலேசியாவா: வேலூரிலிருந்து முதல் வெளிநாட்டுப் பயணம்

முதல் தடவை பாஸ்போர்ட் எடுத்த வேலூர்க் குடும்பங்கள் பல கடைசியில் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கின்றன. எடுத்ததும் "எது சீப்?" என்பார்கள். "எந்த மாசம்?" என்றுதான் கேட்க வேண்டும்.

வேலூரில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதத்தில் இலங்கையின் தென்மேற்கில் மழை பிடித்துக்கொள்ளும். காலி, பெந்தோட்டைப் பக்கம் செப்டம்பர் வரை அலை முரடு, குளிக்க லாயக்கில்லை. அதே மாதங்களில் கிழக்கே திருகோணமலை, பாசிக்குடா கடல் குளம் மாதிரி கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் எல்லாம் தலைகீழ். நடுவிலுள்ள மலை, ஒரு பருவக்காற்றின் மழையை மறுபக்கம் விடாமல் மறிப்பதுதான் காரணம். பேக்கேஜ் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். மே மாதத்திலும் பெந்தோட்டையையே தலையில் கட்டுவார்.

மலேசியாவில் ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற கிழக்குக் கரைத் தீவுகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலும் மூடிக்கிடக்கும். மேற்கே லங்காவி, பினாங்குக்கு அப்போது தாராளமாகப் போகலாம். கோலாலம்பூரில் வருஷம் முழுக்க 32, 33 டிகிரிதான், ஆனால் புழுக்கம் பிழிந்தெடுக்கும். நம்மூர் காய்ந்த வெயிலுக்குப் பழகிய உடம்பு அங்கே பத்து நிமிஷத்தில் நனைந்துவிடும். மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம். சுற்றுவதைக் காலையில் முடித்துவிடுங்கள்.

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதி. இங்கேதான் ஏமாறுவார்கள். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர். ரோட்டில் மூன்றரை மணி நேரம் ஆகும். காட்பாடி–சென்னை ரயில் கணக்கு அங்கே செல்லாது. நாலு நாளில் கொழும்பு, கண்டி, நுவரெலியா, யாழ்ப்பாணம் என்று அடைத்தால் லீவு வேனிலேயே தீர்ந்துபோகும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஊட்டியைவிடத் தாழ்வு, ஏலகிரியைவிட நல்ல உயரம், ஸ்வெட்டர் வேண்டும்.

மலேசியா 3.3 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப்போல் இரண்டரை மடங்கு. ஆனால் நடுவில் தென்சீனக் கடல். கோலாலம்பூரிலிருந்து சபா, சரவாக் போக மறுபடி விமானம், மறுபடி குடிநுழைவுச் சோதனை. உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுப் போனால் ஏற முடியாது. தீபகற்பத்துக்குள் சாலையும் ரயிலும் வேகம். கைக்குழந்தை, முட்டிவலிக்காரர் கூட வந்தால் மலேசியாதான் என் ஓட்டு. பத்துமலையின் 272 படிகளைக்கூட நின்று நின்று ஏறலாம். கையில் பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும். இலங்கையின் சிகிரியா பாறைக்கோட்டையிலோ படிகள் ஏறக்குறைய 1,200.

காகிதங்கள். மலேசியாவுக்கு இந்தியர்கள் 2026 கடைசி வரை விசா இல்லாமல் 30 நாள் போய்வரலாம். ஆனால் விசா இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை: இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் பிரின்ட் கையில் இருக்கட்டும். இலங்கைக்கு இடிஏ, அதாவது இணையத்தில் வாங்கும் பயண அனுமதி. அரசுத் தளத்தில் மட்டும் போடுங்கள், அதே முகஜாடையில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் உண்டு. இரண்டுக்கும் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் விமான நிலையத்துக்கு மெட்ரோ உண்டு, ஆனால் ராத்திரி 11 மணியோடு சரி. நள்ளிரவு விமானம் என்றால் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடுவது நல்லது.

சைவக்காரர்களுக்கு இரண்டு நாட்டிலும் பொறி சம்பலில்தான். இலங்கைத் தேங்காய்ச் சம்பலில் மாசிக்கருவாட்டை இடித்துச் சேர்ப்பார்கள். பார்த்தால் நம்ம தேங்காய்த் துவையல் மாதிரியே இருக்கும். மலேசியாவின் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கோடு வரும் சம்பலில் நெத்திலி. "கறி இல்லையே?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், "மாசி, நெத்திலி போட்டிருக்கா?" என்று கேளுங்கள்.

மொழியில் இரண்டுமே சுலபம். இலங்கைப் பெயர்ப்பலகைகளில் தமிழ் உண்டு. மலாய் ஆங்கில எழுத்தில் இருப்பதால் வாசித்துவிடலாம்: ஜாலான் என்றால் சாலை, கெலுவார் வெளியே போகும் வழி, தண்டாஸ் கழிவறை.

இலங்கையில் பௌர்ணமிதோறும் போயா விடுமுறை, மதுக்கடை மூடல். திருவண்ணாமலை கிரிவலத்துக்கு நம்மூர் பஸ்கள் நெரியும் அதே நாள்தான். தேதியைப் பார்த்துக் கிளம்புங்கள்.

கண்டிக்குப் போவதென்றால், அதற்கு முன்னால் பாலாற்றங்கரை முத்துமண்டபத்தை ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் 1815இல் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832இல் இங்கேயே இறந்தார். சமாதி அங்கே இருக்கிறது. கண்டி நகரின் நடுவிலிருக்கும் ஏரி அவர் வெட்டியது. கரையிலேயே புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலான தலதா மாளிகை. தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உள்ளே புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.