லெப்பர்ட் கெக்கோ கூடு: ஆண்டுக்கணக்கில் ஓடிய பின் எது நின்றது, எது நிற்கவில்லை

நன்றாகப் பார்த்துக்கொண்டால், வீட்டில் வளர்க்கும் புள்ளிப் பல்லியான லெப்பர்ட் கெக்கோ 15 முதல் 20 ஆண்டு வரை வாழும். பல்பும் மரப்பெட்டியும் அவ்வளவு காலம் தாங்காது. வாங்கிய மாதத்திலேயே எழுதப்படும் விமர்சனங்கள் அதனால்தான் அதிகம் உதவுவதில்லை. சில குளிர்காலங்களும் கோடைகளும் போன பிறகுதான் கூட்டின் குணம் தெரியும். இங்கே சொல்வது பிரிட்டனில் பரவலாகக் கிடைக்கும் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயர மரக் கூட்டைப் பற்றி. முன்னால் நகரும் கண்ணாடி, பின்பலகையில் காற்றுத் துளைகள், உள்ளே ஒரே ஒரு கெக்கோ. இரண்டைச் சேர்த்து விடவே வேண்டாம். ஆண்கள் கடித்துக் குதறிக்கொள்ளும். பெண்கள் சண்டையிடாவிட்டாலும் ஒன்று சூடான இடத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றது சத்தமில்லாமல் மெலியும்.

3 அடிக் கூட்டிலும் வளர்க்கலாம், அது குறைந்தபட்சம். நான்காவது அடியின் அருமை கோடையில்தான் புரியும். ஒரு முனை 35 டிகிரியில் இருக்கும்போது மறுமுனை 24 டிகிரிக்கு இறங்க வேண்டும். அந்த இறக்கத்துக்கு நீளம் தேவை. குட்டைக் கூட்டில் வெயில் நாட்களில் இரண்டு முனையும் ஒன்றுபோல் சூடாகிவிடும், விலங்குக்கு ஒதுங்க இடமிருக்காது.

முதலில் கைவிட வேண்டியது ஹீட் மேட், அதாவது கூட்டின் அடியில் விரிக்கும் மின்சூட்டுப் பாய். பெரும்பாலான தொடக்க செட்டுகளில் இன்றும் அதையே வைத்து விற்கிறார்கள். மேட் தரையைச் சுடவைக்குமே தவிர காற்றைச் சூடாக்காது. மேலே 8 செ.மீ. மண்ணைக் கொட்டினால் சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கும்; தோண்டிக்கொண்டு போகும் கெக்கோவின் வயிறு அங்கே வெந்துவிடும். மேலிருந்து சூடு கொடுக்கும் ஹாலோஜன் ஃபிளட் பல்பு இந்தத் தொல்லை எதையும் தராது. இந்த அளவுக் கூட்டுக்கு 50 அல்லது 75 வாட் போதும். 50 வாட் பல்பு 12 மணி நேரம் முழு வேகத்தில் எரிந்தாலும் நாளைக்கு 0.6 யூனிட்தான். பல்பைச் சுற்றிக் கம்பி வலைக் கூடு கட்டாயம் வேண்டும்.

பல்புக்கு நேர் கீழே சுமார் 3 செ.மீ. கனமுள்ள ஸ்லேட் கல் பலகை ஒன்றை, இரு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்து வைப்பதுதான் இந்த அமைப்பின் உயிர். பலகையின் மேல்பக்கம் 34 முதல் 36 டிகிரி. அதன் அடியில் அமையும் பொந்து 31, 32. லெப்பர்ட் கெக்கோ அந்தியிலும் விடியலிலும் நடமாடும் பிராணி, பகலில் வெளியே கிடந்து வெயில் காய்வது குறைவு. சூடேறிய கல்லுக்கு அடியில் முதுகை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். விளக்கு அணைந்த பிறகு அதே கல்லின் மேல் வந்து வயிற்றைப் பரப்பிக் கிடக்கும். மேட் செய்ய வேண்டிய வேலையைக் கல் செய்துவிடுகிறது. செங்கல்லை மண்ணின் மேல் வைக்காமல் கூட்டின் தரைப்பலகையிலேயே ஊன்றி, பிறகு மண்ணைக் கொட்டுங்கள். இல்லையென்றால் அடியில் தோண்டும்போது பலகை சரிந்து கெக்கோவின் மேல் விழும்.

சூட்டை அளந்து பல்பைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் மிச்சம் பிடிப்பது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை. ஹாலோஜனுக்கு, மின்சாரத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை மட்டுமே பொருந்தும். பல்ஸ் வகையில் இணைத்தால் பல்பு விட்டுவிட்டு மின்னும். வெறும் ஆன்-ஆஃப் வகை பல்பை அணைத்து அணைத்துப் போடுவதால் இழை சீக்கிரம் போய்விடும்.

நல்ல தெர்மோஸ்டாட் வாங்கியவர்களும் சறுக்குவது சென்சார் முனையில்தான். முனை ஸ்லேட் பலகையின் மேல், வெளிச்ச வட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஒயரைப் பின்பலகையில் இரண்டு இடங்களில் கிளிப் அடித்து, கல்லின் மேல் இரண்டு செ.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி இறுக்குங்கள். தளர்ந்த முனையைக் கெக்கோ ஒரே உதையில் குளிர்ந்த பக்கம் தள்ளிவிடும். அங்கே 25 டிகிரி காட்டும்; கருவியோ, கூடு குளிர்ந்துவிட்டதென்று நினைத்துப் பல்பை முழு வேகத்தில் எரிக்கும். இதற்கு எளிய காப்பு ஒன்று உண்டு. கெக்கோவை விடுவதற்கு முன், தெர்மோஸ்டாட் இல்லாமல் பல்பை மூன்று மணி நேரம் எரியவிட்டுக் கல்லை அளந்து பாருங்கள். 42 டிகிரியைத் தாண்டினால் அந்த வாட் அதிகம். பல்பைக் குறையுங்கள் அல்லது கல்லைத் தாழ்த்துங்கள். அளக்க, தொடாமலே சூடு காட்டும் இன்ஃப்ராரெட் கன் வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் மானிகள் ஐந்தாறு டிகிரி தவறாகக் காட்டுவது சாதாரணம்.

இரவில் விளக்கு வேண்டாம். சிவப்பு பல்பு கெக்கோவுக்குத் தெரியாது என்பது வெறும் விற்பனைப் பேச்சு. அறை 16 டிகிரிக்குக் கீழே போகாதவரை இரவில் சூடும் தேவையில்லை. போகும் வீடுகளில் வெளிச்சம் தராத டீப் ஹீட் புரொஜெக்டரைத் தனி தெர்மோஸ்டாட்டில் 18க்கு வையுங்கள். யூவிபி (புறஊதாக் கதிர்) விளக்கு கட்டாயமில்லை என்பார்கள். இருந்தால் நல்லது என்பதே எங்கள் கருத்து. நிழல்வாழ் பிராணிகளுக்கான 7 சதவீத டி5 குழாயைச் சூடான பாதியில் மட்டும் பொருத்தினால், கெக்கோ வேண்டும்போது வரும், வேண்டாதபோது நிழலுக்குப் போகும். வெளிச்சம் அப்படியே இருந்தாலும் உள்ளிருக்கும் யூவிபி தேய்ந்துவிடும் என்பதால் ஆண்டுக்கொரு முறை குழாயை மாற்ற வேண்டும். ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் ஆகிய ஆல்பினோ (கருநிறமி இல்லாத) வகைகளுக்குக் கண் கூசும். அவற்றுக்கு நிழலை இரட்டிப்பாக்குங்கள்.

தரைக்கு மணல் மட்டும் போதும் என்ற எண்ணம் 'பாலைவனப் பல்லி' என்ற பேச்சால் வந்தது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இதன் சொந்த நிலங்களில் இது வாழ்வது மணல்மேட்டில் அல்ல. பாறையும் இறுகிய களிமண்ணும் சரளையும் கலந்த தரையில். உரமும் பெர்லைட் என்ற வெள்ளைக் குருணையும் சேராத தோட்ட மண் 70 பங்கு, கழுவிய விளையாட்டு மணல் 30 பங்கு என்று கலந்தால் அதற்கு அருகில் வரும். இந்தக் கூட்டில் 8 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 58 லிட்டர் பிடிக்கும்: மண் 41, மணல் 17. ஈரமாகக் கலந்து, உள்ளங்கையால் அழுத்திக் கெட்டிப்படுத்தி, விளக்கைப் போட்டு ஒரு வாரம் காயவிடுங்கள். காய்ந்தபின் விரலால் தட்டினால் ஓடு போல ஒலிக்க வேண்டும். புழுதி கிளம்பினால் மணல் கூடிவிட்டது. கால்சியம் மணல் என்று விற்கும் வண்ணப்பொடியைத் தொடவே வேண்டாம். ஈரம் பட்டால் கட்டியாகும். கால்சியம் குறைந்த கெக்கோ அதைத் தேடித் தின்று குடல் அடைத்துக்கொள்ளும். புதிதாக வந்த கெக்கோவுக்கு மட்டும், மலப் பரிசோதனையில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி இல்லை என்று தெரியும்வரை டிஷ்யூ காகிதத் தரை. அந்தக் கிருமி மண்ணில் ஏறிவிட்டால் அத்தனையையும் கொட்ட வேண்டியதுதான்.

ஒதுங்கிடம் மூன்று: கல்லடிப் பொந்து, குளிர்ந்த முனையில் ஒன்று, நடுவில் ஈரப்பெட்டி. கூட்டின் காற்றில் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் இருக்கட்டும். சட்டை உரிக்கும் நாட்களுக்கு ஈரப்பெட்டிதான் கைகொடுக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் 6 செ.மீ. துளை போட்டு, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, சொட்டாத அளவு பிழிந்த ஸ்பாக்னம் பாசியை நிரப்புங்கள். பாசி காய்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது கால்விரல். விரல் நுனியில் சுற்றிய பழைய தோல் வெள்ளை நூல் போலத் தெரியும். விட்டுவிட்டால் அடுத்த உரிப்பில் இன்னொரு சுற்று இறுகி, இரத்த ஓட்டம் நின்று விரலே கழன்றுவிடும். 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் கணுக்கால் நனையும் அளவுக்கு 15 நிமிடம் நிறுத்தி, ஈரப் பஞ்சுக் குச்சியால் நகத்தை நோக்கித் தள்ளினால் வந்துவிடும். இழுக்கக் கூடாது.

மரக் கூட்டின் பலவீனம் அடிமூலை இணைப்புகள். அங்கே தண்ணீர் இறங்கினால் பலகை உப்பி, கண்ணாடி ஓடும் தடம் கோணிக்கொள்ளும். மண் போடுவதற்கு முன்பே உள்மூலைகள் எல்லாவற்றிலும் மீன்தொட்டிக்கான சிலிக்கான் பூசி மூன்று நாள் காயவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணமும் ஈரப்பெட்டியும் தனித்தனித் தரை ஓட்டின் மேல் நிற்கட்டும்.

தீனி பற்றிச் சுருக்கமாக: கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், வெட்டுக்கிளி மாறி மாறி, வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்தாறு. பூச்சியின் அளவு கெக்கோவின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. மிஞ்சிய கிரிக்கெட்டுகளை எடுத்துவிடுங்கள், இரவில் அவை கெக்கோவைக் கடிக்கும். பல்வகை வைட்டமின் பொடியில் ரெட்டினால் வடிவில் வைட்டமின் ஏ இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். பீட்டா கரோட்டின் மட்டும் இருப்பதை நம்ப வேண்டாம். ஏ குறைந்தால் கண்ணிமைக்குள் அழுக்குத் திரண்டு கண் மூடிக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை சமையல் தராசில் எடை பார்த்துக் கூட்டின் பக்கவாட்டில் எழுதி வையுங்கள். வளர்ந்தவை பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் இருக்கும். தின்றுகொண்டே எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ வால் மெலிந்தாலோ, புதிய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அந்த வாரமே போங்கள்.