பூனை: வீட்டுக்குள்ளா, வெளியிலா?

வெளியே விட்டால் பூனைக்கு மதில், மரம், அணில், வெயில் எல்லாம் உண்டு. அந்தச் சுகத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் சென்னையில் அந்த மதிலுக்கு அப்பால் தெருநாய், வண்டிச் சக்கரம், மருந்து தின்று மயங்கிய எலி. மழைக்குக் கார் எஞ்சினுக்குள் ஒண்டிக்கொள்ளும் குட்டிகளின் கதை தனி. சண்டைக் கடியில் தொற்றி, பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்ஐவி கிருமியைக் குணப்படுத்த மருந்தே இல்லை.

வீட்டுக்குள் என்றால் சலிப்புதான் எதிரி. சோபா கிழியும்! கீறுவதற்குச் சணல் சுற்றிய கட்டை, ஜன்னலோரம் ஒரு பலகை, தினமும் கொஞ்சம் விளையாட்டு வேண்டும். பால்கனிக்கு வலை கட்டாயம். நான்கு காலில் விழுந்தாலும் எலும்பு முறியும்.

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2022 ஜூலை முதல் பிறந்த பூனைகளை வெளியே திரியவிடச் சட்டமே அனுமதிப்பதில்லை. என் ஓட்டும் வீட்டுக்குத்தான், சோபா போனாலும்.